நாலாவது பூட்டு

பணகுடிக்குத் தெற்கே எண்பத்தேழாம் காற்றாலை.
ஆடி பதினொண்ணு. கணவாய் வழியாகக் காற்று
லாரி லாரியாக வந்து இறங்குகிறது.
கண்ணுக்கெட்டிய இறக்கையெல்லாம் சுற்ற,
எங்களுடையது மட்டும்
கையை விரித்து நிற்கிறது.

காரணம் சின்னது. உள்ளங்கையில் அடங்கும்
ஒரு சிவப்புப் பூட்டு.

மேலே ஏறும் ஒவ்வொருவரும்
கீழே விசைப்பெட்டியில் தன் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.
நாலு பேருக்கு நாலு பூட்டு. சாவி அவரவர் பையில்.
கடைசிப் பூட்டு திறக்கும்வரை
மேனேஜரே வந்து நின்றாலும் கரண்ட் வராது.
மேலே இருக்கிறவன் உயிர்
கீழே இருக்கிறவன் ஞாபகத்தில் இல்லை,
தன் கால்சட்டைப் பையிலேயே இருக்கிறது.

பலவேசம் அண்ணாச்சியுடையது திறந்தாயிற்று.
பீர்முகைதீனுடையதும், என்னுடையதும்.
நாலாவது லூர்துவின் பூட்டு.
லூர்து பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்,
சாவியோடு.

காலையில், காற்று எழும்புமுன், எழுபத்தெட்டு மீட்டர் ஏணி.
மேலே மாட்டுவண்டி அகல அறை,
எண்ணெய் வாடை, நூற்றிருபது போல்ட்டு.
லூர்து பிடிக்க, பீர் இறுக்க, அண்ணாச்சி எண்ண, நான் எழுத,
சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது அழகு.
‘கொடு’ என்று ஒருவரும் கேட்கவில்லை.
கை நீளுமுன் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது.
ரெண்டு நாள் வேலை
ஒரு முற்பகலில் தீர்ந்தது.

கீழே இறங்கி ரிப்போர்ட்.
‘வேலை செய்தவர்’ என்றொரு கட்டம்,
அதில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
அண்ணாச்சி பெயரை எழுதினேன்.
சீனியர் என்பதால். வழக்கம் என்பதால்.
யோசிக்காததால்.

லூர்து எட்டிப் பார்த்தான்.
“அறுபத்து மூணுல மரை போயிருக்குன்னு கண்டுபிடிச்சது யாரு?”
“ஏல, டீம்னா எல்லாருந்தாம்ல.”
“எல்லாருந்தான்னா எல்லார் பேரையும் எழுதும் வே.”

பீர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்,
ஏற்கெனவே சுத்தமான கையை.
நான் பேனாவை மூடினேன்.
இத்தனை காற்றிலும்
அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மணி ஒன்றரை. வள்ளியூர் ஆபீஸிலிருந்து மூன்றாவது போன்.
மணிக்கு எத்தனை யூனிட் போகிறதென்று
எனக்கு எண்ணத் தெரியாதது போல எண்ணிக் காட்டுகிறார்கள்.
பூட்டை அறுங்கள், கட்டர் இல்லையா?

இருக்கிறது. வண்டியிலேயே இருக்கிறது.
அண்ணாச்சி எடுத்தார். பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.
நாக்கு நாக்காகப் பூட்டின் மேல் பெயிண்டில் எழுதியிருந்தது:
லூர்து, கூத்தங்குழி.
கட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.
“ஆளக் கண்ணால பாக்காம அடுத்தவன் பூட்ட அறுக்கக் கூடாது சார்”
என்றார் போனில்.
வாசகம் விதிப்புத்தகத்தில் உள்ளதுதான்.
குரல் அதில் இல்லை.

பீர் ஏர்வாடியிலிருந்து நாலு பேருக்கு
நெய்ச்சோறு கொண்டு வந்திருந்தான்.
பசி பொல்லாதது, நாங்கள் சாப்பிட்டோம்.
ஒரு பொட்டலம் டாஷ்போர்டில் வெயில் காய்ந்தது.

நான் ரிப்போர்ட்டை எடுத்து
அந்தக் கட்டத்தில் மற்ற மூன்று பெயரையும் நுழைத்தேன்.
அடங்கவில்லை.
எழுத்து சிறுத்து, கோட்டைத் தாண்டி,
மார்ஜினில் ஏறி நின்றது.
ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.
இதைக் காலையிலேயே செய்திருக்கலாம்,
மை அப்போதும் இருந்தது.

ரெண்டே காலுக்குப் புழுதி தெரிந்தது, பிறகு பைக்.
“பெட்ரோல் போடப் போனேன்” என்றான்.
டேங்க் நேற்றுதான் நிரப்பியது, நாங்கள் நாலு பேரும்
பங்கு போட்டு.
யாரும் அதைச் சொல்லவில்லை.

பூட்டைத் திறந்தான். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை.
அண்ணாச்சி மன்னிப்புக் கேட்கவில்லை,
கட்டரை மட்டும்
அவன் கண்ணில் படாமல் சீட்டுக்கடியில் தள்ளினார்.

முதல் இறக்கை தயங்கித் தயங்கி நகர்ந்தது.

“சோறு இருக்கா?”
பீர் பொட்டலத்தை எறிய, லூர்து பார்க்காமலே பிடித்தான்.
கோபுரத்தில் முதுகைச் சாய்த்து,
அறுபத்து மூணு ஒழுங்காக நிற்கிறதா என்று
காதை இரும்பில் வைத்துக்கொண்டே
தின்றான்.